விழி காக்கும் விழி

நள்ளிரவு கடந்த வேளை. தென்மாவட்டச் சரக்குந்துகள் ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டையும் வண்டலூரையும் கடந்து, தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரை நெருங்குகின்றன. சில ஊர்திகள் அங்கிருந்து மதுரவாயல் நோக்கிப் புறவழிச்சாலையில் திரும்பும். நெடுந்தொலைவு ஓட்டிவந்த ஓட்டுநரின் இமைகள் கனக்கின்றன.

மணிக்கு 80 கிலோமீட்டர் விரைவில் செல்லும் ஊர்தி, ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கும். ஓட்டுநர் 3 நொடி கண்ணயர்ந்தால், 66 மீட்டர் தொலைவை அது காண்பாரின்றிக் கடந்துவிடும்.

இந்த இடரைத் தடுக்கவே ஓட்டுநர் அறையில் கேமரா பொருத்தப்படுகிறது. அகச்சிவப்பு ஒளியின் துணையால் அது இருளிலும் முகத்தைக் காணும். இமை மூடியிருக்கும் நேரம், கொட்டாவி, தலைசாய்வு, கைபேசிப் பயன்பாடு ஆகியவற்றைக் கணினி ஆராய்ந்து, உடனே ஒலியெழுப்பி எச்சரிக்கும். சாலையை நோக்கும் கேமராக்களும் உண்டு. நாக்பூரில் 2021இல் தொடங்கப்பட்ட ஐராஸ்டே திட்டம், மோதலை முன்னுணர்த்தும் இத்தகைய கருவிகளை மாநகரப் பேருந்துகளில் பொருத்தியது.

எனினும், கருவி விழிப்பூட்டுமேயன்றி ஓய்வளிக்காது. 2025 வரை நடப்பிலிருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி நேரப் பணியை வரையறுத்தது. தொடர்ந்து 5 மணி நேரம் உழைத்தவருக்கு அரைமணி நேரமேனும் இடைவேளை வேண்டும் என்றது. அந்த ஓய்வை மறுத்துவிட்டுக் கேமராப் பதிவைக் காட்டி ஓட்டுநரைத் தண்டிப்பது அறமன்று. பதிவு எதற்குப் பயன்படும் என்பதை அவருக்கு முன்னரே தெரிவித்தலும் கடமையாகும்.

எச்சரிக்கை ஒலி கேட்டதும் ஊர்தியை ஓரிடத்தில் பாதுகாப்பாக நிறுத்தி உறங்க ஓட்டுநருக்கு உரிமை இருக்கவேண்டும். அவ்வுரிமை இருந்தால்தான் கருவியின் விழி மனித விழியைக் காக்கும்.