சுருதத்தின் அளவும் நம் ஆயுளும்

சுருதம் கடலினும் பெரிது என்பது வெறும் புகழுரையன்று. நம் ஆசாரியர்கள் அதனை எண்ணியே கூறியுள்ளனர். 10ஆம் நூற்றாண்டில் நேமிசந்திராசாரியர் இயற்றிய கோம்மடசாரம் தரும் கணக்கைக் காண்போம்.

உயிர் 27, மெய் 33, யோகவாகம் 4. ஆக மூல எழுத்துகள் 64. இவை தனித்தும் கூடியும் பிறக்கும் எழுத்துகள் 1,84,46,74,40,73,70,95,51,615. இரண்டை 64 முறை வைத்துப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் இவ்வெண் வரும். இல்லத்துப் பிள்ளைகள் செய்து பார்க்கலாம். ஒரு பதத்திற்கு 16,34,83,07,888 எழுத்துகள். வகுத்தால், துவாதசாங்கத்திற்கு 112,83,58,005 பதங்கள். மீதியான 8,01,08,175 எழுத்துகள் அங்கபாகியம்.

நொடிக்கு ஓர் எழுத்தாக, உண்ணாமலும் உறங்காமலும் ஓதினாலும் ஒரே ஒரு பதம் முடிய 518 ஆண்டுகள் ஆகும். அம்மீதியை மட்டும் இரண்டரை ஆண்டில் ஓதிவிடலாம்!

முழுச் சுருதத்தையும் நெஞ்சில் தாங்கிய சுருதகேவலிகளுள் இறுதியானவர் பத்திரபாகு முனிவர். பின்னர் அது குறைந்துகொண்டே வந்தது. எஞ்சிய சிறு பகுதியைக் கிர்நார் மலைச் சந்திரகுகையில் தரசேனாசாரியர் புட்பதந்தருக்கும் பூதபலிக்கும் ஓதுவித்தார். பூதபலி அதன்பின் திராவிட நாட்டிற்கு வந்தார் என்பது மரபு. அவ்விருவரும் அருளிய ஷட்கண்டாகமத்தின் முதல் ஐந்து கண்டங்கள், தவளா உரையோடும் இந்தி மொழிபெயர்ப்போடும் 16 தொகுதிகளாக அச்சேறியுள்ளன.

ஆண்டுக்கு ஒரு தொகுதியாயினும் 16 ஆண்டுகளே. வரும் சுருத பஞ்சமியன்று தொடங்குவோம். இந்தி அறிந்த ஒருவர் படித்துப் பொருள் கூற, மற்றவர் கேட்கலாம்.