ஒரு கொல்லைக்கு எத்தனை சேவல்?

கொல்லையில் சேவல்கள் ஓயாமல் அடித்துக்கொள்கின்றன என்று வருத்தப்படுகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, பெட்டை எத்தனை, சேவல் எத்தனை என்பதைத்தான். "அதோட குணம் அப்படி" என்று சொல்லிவிட்டால் நாம் செய்ய ஒன்றுமே இல்லாமல் போய்விடும். சேவலுக்குச் சண்டைக் குணம் உண்டுதான். ஆனால் அந்தக் குணம் கிழிந்த கொண்டையிலும் குருடான கண்ணிலும் முதுகு மொட்டையான பெட்டையிலும் போய் முடிவதற்குக் காரணம், தேவைக்கு மேற்பட்ட சேவல்களைப் பருவம் வந்த பிறகும் ஒன்றாக விட்டுவைப்பதே. நாட்டுக்கோழியில் 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் இந்தக் கணக்கு பிசகுவது பெரும்பாலும் குஞ்சு வந்து இறங்கும் நாளிலேயே. ஊரகப் பெண்களுக்கான அரசின் 50 விழுக்காடு மானியத் திட்டத்தில் ஆளுக்கு 40 குஞ்சுகள், நான்கு வார வயதில் தருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அதில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். சேதாரம் போக 30 தேறினால் 15 பெட்டை, 15 சேவல். அந்த 15 பெட்டைக்கு 2 சேவல் தாராளம். மீதி 13 சேவலும் ஒரே வயதுடையவை, ஒரே வாரத்தில் கூவத் தொடங்குபவை. அவற்றை என்ன செய்வது என்று யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

சண்டை எதற்காக நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்தக் கணக்கின் அருமை தெரியும். நார்வே விலங்கியலாளர் ஷெல்டெரூப் எப்பே 1920களின் தொடக்கத்திலேயே, கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற படிநிலை இருப்பதை எழுதிவைத்தார். விடிகாலையில் முதலில் கூவும் உரிமை கூட தலைமைச் சேவலுக்குத்தான், மற்றவை தத்தம் வரிசைப்படி பின்னால் கூவுகின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். ஆக, வரிசை ஒன்று அமைவதற்கே சண்டை. இரண்டு விடைச் சேவல்கள் மோதுவதைக் கிட்ட நின்று பார்த்தால் இது விளங்கும். பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, கண்ணுக்குக் கண் நிற்கும். ஒன்று சிறகைத் தரையில் இழுத்தபடி பக்கவாட்டில் நகரும். நடுவில் இரண்டும் தரையில் இல்லாத இரையைக் கொத்துவதுபோல் பாவனை செய்யும். பிறகுதான் எம்பிக் காலால் அடிக்கும். தோற்றது தலையைக் குனிந்து திரும்பி ஓடினால் வென்றது நாலடி துரத்திவிட்டு நின்று கூவும். அத்தோடு சண்டை முடிந்தது. ஏவிவிடுவாரும் இல்லாமல், விலக்குவாரும் இல்லாமல், தானாக முடிந்தால்தான் முடிவு என்று கிடக்கும் குப்பைக்கோழிச் சண்டையைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர் உவமையாக்கி, அதனாலேயே குப்பைக்கோழியார் என்று பெயர் பெற்றார். அவர் பார்த்ததும் இதைத்தான்.

தானாக முடிய வேண்டியது ஏன் முடிவதில்லை என்பதே நம் பிரச்சினை. தோற்ற சேவல் ஓடி ஒளிய இடமில்லாவிட்டால் முடியாது. வென்றதன் கண்ணில் அது பட்டுக்கொண்டே இருக்கும், அடி விழுந்துகொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும், வயலில் நாற்று நிற்கும் நாட்களிலும் பக்கத்து வீட்டாரோடு வம்பு வேண்டாமென்று கோழியை அடைத்துவைக்கிறோம். அறுப்பு முடிந்த வயலில் மேயும்போது அடங்கியிருந்த சேவல்கள் அப்போது கொத்திக்கொள்கின்றன. கஜா புயலுக்குப் பிறகு மரம் சாய்ந்து வெட்டவெளியாகிப் போன கொல்லை என்றால் ஒதுங்க இடம் இன்னும் குறைவு. ஒரு முள் படலோ, சாய்த்துவைத்த கீற்றுத்தட்டியோ, தென்னை மட்டைக் குவியலோ பார்வையை மறைத்தால் போதும், பாதிச் சண்டை குறையும். தீனியும் தண்ணீரும் ஒரே சட்டியில் இல்லாமல் இரண்டு மூன்று இடங்களில் இருக்க வேண்டும். அடுத்த தவறு, சண்டை பிடித்த சேவலைத் தூக்கிப்போய் இரண்டு வாரம் வேறிடத்தில் வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவது. வரிசை கலைந்துவிடும், பழைய கூட்டாளியே அந்நியனாகிவிடுவான். சில்லறைச் சண்டையை நாமே ஓடி ஓடி விலக்குவதும் அப்படித்தான். முடிவு தெரியாமல் நின்ற சண்டை மறுநாளும் நடக்கும். ரத்தம் வந்தால் மட்டும் உடனே பிரிக்க வேண்டும், ஏனென்றால் சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகளும் வந்து கொத்தும்.

இவையெல்லாம் தணிப்பு வேலைகள். வேரில் செய்ய வேண்டியது நான்காம் மாதத்தில் செய்யும் கழிப்பு. கொண்டை சிவந்து, குரல் உடைந்து, பெட்டையைத் துரத்தத் தொடங்கும் அந்த வாரங்களில் வைத்துக்கொள்பவை எவை, விற்பவை எவை என்று முடிவாகிவிட வேண்டும். அப்போது கறிக்கு எடை போதாதே என்பார்கள். நியாயமான பேச்சுதான். அதற்கு வழி, பெட்டை இல்லாத தனி அடைப்பில் சேவல்களை மட்டும் ஒன்றாக விடுவது. போட்டிக்குப் பெட்டை கண்ணில் படாதபோது ஒன்றாக வளர்ந்த சேவல்கள் பெரிய சேதமில்லாமல் ஓரிரு மாதம் தள்ளும். அடைவைக்கும் காலத்தையும் பார்த்துக்கொள்ளலாம். சித்திரைக் கடைசியில் முட்டை வைத்தால் 21 நாளில் பொரித்து, தீபாவளிச் சந்தைக்கு ஐந்து மாதச் சேவலாக நிற்கும். வைத்துக்கொள்ளும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். எல்லாவற்றையும் அடித்து விரட்டுகிற சேவலே நல்ல சேவல் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரை கண்டால் கொக்கரித்துப் பெட்டைகளை அழைப்பதும், பருந்து நிழல் கண்டால் முதலில் குரல் கொடுப்பதும், ஆளைக் கண்டு பாயாததுமே கொல்லைக்கு ஏற்ற சேவல். முரட்டுக் குணம் குஞ்சுக்கும் இறங்கும்.

"பெருவிடை ரத்தம் உள்ள சேவலுக்கு இதெல்லாம் செல்லாது" என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. பெருவிடை எனப்படும் அசில் வகையைத் தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்காகவே பொறுக்கி வளர்த்தார்கள். அது தோற்றாலும் ஓடாது. ஆனால் அந்த உண்மை என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. சிறுவிடைக் கூட்டத்தில் இரண்டு சேவல் இருக்கலாம் என்றால், பெருவிடையில் ஒன்றே ஒன்றுதான். பிரிப்பதும் மூன்றாம் மாதத்திலேயே. முரட்டுச் சேவலைப் பந்தயக்காரருக்கு விற்றால் நல்ல காசு என்று ஆசை காட்டுவார்கள். விலங்கையோ பறவையையோ சண்டைக்கு ஏவுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் காசு வேண்டாம்.

நாயும் கீரியும் கழிச்சல் நோயும் இருக்கிற ஊரில் ஒரே சேவலை நம்பலாமா என்பது இன்னொரு கேள்வி. மாற்றுச் சேவல் தேவைதான், ஆனால் சம வயதில் வேண்டாம். ஆறேழு மாதம் இளையதாக இருந்தால் அது மூத்ததற்கு விலகிப் போகும். இதைவிடக் கடினமானது கருப்பருக்கோ முனீஸ்வரருக்கோ நேர்ந்துவிட்ட சேவல். விற்க முடியாது, அறுக்க முடியாது, திருவிழா வரும்வரை காப்பாற்றியாக வேண்டும். அதை மந்தையில் விட்டுவிட்டுத் தினம் கவலைப்படுவதைவிட, வயதான இரண்டு பெட்டைகளோடு வீட்டின் மறுபக்கத்தில் தனிக்கூடு கொடுப்பதே மேல். காலைக் கயிற்றால் கட்டிவைப்பது மட்டும் கூடாது. கட்டிய சேவலால் விலகி ஓட முடியாது. அவிழ்ந்து திரியும் மற்றது அதை அடித்தே கொன்றுவிடும்.

புதுச் சேவலைச் சேர்ப்பதென்றால் முதலில் சில வாரம் தனியே வைத்து நோயில்லை என்று தெரிந்த பின், ஒரு வாரம் பஞ்சாரத்தில் கவிழ்த்து மற்றவை பார்க்கும்படி வையுங்கள், பிறகு திறந்துவிடுங்கள். காயத்துக்கு மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசி, ஆறும்வரை பிரித்துவைக்கலாம். கண்ணில் அடி என்றால் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஆளைப் பாயும் சேவலை எட்டி உதைத்தால் உங்களையும் போட்டிச் சேவலாகவே எடுத்துக்கொள்ளும். ஓடவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். அப்படியும் அடங்காமல் குழந்தையின் முகத்துக்குப் பாய்கிற சேவலை ஒரு நாளும் வைத்திருக்கக் கூடாது. கால்முள் குத்திய காயத்துக்கு டெட்டனஸ் தடுப்பு (டிடி) ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்று மாலை கோழியை அடைக்கும்போது, இந்த ஈட்டில் கொண்டை சிவந்துவரும் சேவல்களை எண்ணிப் பாருங்கள். 10 பெட்டைக்கு ஒன்று என்ற அளவுக்கு மேற்பட்டவற்றை அடுத்த சந்தைக்கு முன்பே பிரித்துவிடுங்கள்.