பாபநாசத்து மின்சாரம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பாபநாசம் மலையடிவாரத்தில் புனல் மின்சாரம், ராதாபுரம் பக்கம் காற்றாலை, கூடங்குளத்தில் அணுமின் நிலையம், தூத்துக்குடியில் அனல்மின் நிலையம். காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் நான்கையும் பார்த்துத் திரும்பிவிடலாம். இத்தனை அருகில் இருந்தும் மின்சாரம் பற்றிய தவறான பேச்சுகள் தாமிரபரணிக் கரையில் இன்னும் ஓயவில்லை. அவற்றில் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்வோம்.

நம்பிக்கை 1: கரண்ட் எடுத்த தண்ணியில் சத்து இருக்காது, பயிருக்கு ஆகாது.

உண்மை: உயரத்திலிருந்து இறங்கும் நீரின் வேகம்தான் டர்பைனைச் சுழற்றுகிறது. நீரில் கரைந்திருக்கும் எதையும் அது பிரித்தெடுப்பதில்லை. உள்ளே போன தண்ணீர் அப்படியே வெளியே வருகிறது. அணையில் வண்டல் தங்கிவிடுவது உண்மைதான். ஆனால் அது அணை கட்டியதால் வந்தது, மின்சாரம் எடுத்ததால் வந்ததல்ல. பாபநாசம் மின் நிலையம் 1944 முதல் ஓடுகிறது. அதைக் கடந்து வரும் தண்ணீர்தான் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் கால்வாய்கள் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை கார், பிசானம் என இரு போகத்துக்கும் பாய்கிறது. எண்பது ஆண்டு விளைச்சலைவிட வேறு சாட்சி வேண்டாம். பாபநாசம் கோயில் படித்துறையில் முங்கிக் குளிப்பவர் மேல் படுவதும் பெரும்பாலும் அதே தண்ணீர்தான்.

நம்பிக்கை 2: அணை நிரம்பிவிட்டது, இனி மின்வெட்டே இருக்காது.

உண்மை: பாபநாசம் அணை 143 அடியைத் தொட்டால் மகிழ வேண்டியதுதான், அந்த மகிழ்ச்சி முதலில் வயலுக்கும் குடிநீருக்கும் உரியது. பாபநாசம் மின் நிலையத்தின் திறன் 32 மெகாவாட், பக்கத்துச் சேர்வலாறு மின் நிலையத்தின் திறன் 20 மெகாவாட். இரண்டும் முழு மூச்சில் ஓடினாலும் கூடங்குளத்து உலை ஒன்றின் திறனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். அதிலும் எப்போது, எவ்வளவு தண்ணீர் திறப்பது என்பதைப் பாசனமும் திருநெல்வேலி, தூத்துக்குடி மக்களின் குடிநீர்த் தேவையுமே பெரிதும் தீர்மானிக்கின்றன.

அப்படியானால் புனல் மின்சாரத்துக்கு என்ன மதிப்பு? வேகம்தான் அதன் மதிப்பு. குளிர்ந்து கிடக்கும் அனல்மின் நிலையம் சூடேறி மின்சாரம் தரப் பல மணி நேரம் ஆகும். புனல் மின் நிலையமோ சில நிமிடங்களில் ஓடத் தொடங்கும். மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் கைகொடுப்பது இந்த வேகம்தான்.

நம்பிக்கை 3: காற்றாலைகள் மழை மேகத்தை விரட்டிவிடுகின்றன.

உண்மை: மானாவாரி விவசாயி வானம் பார்த்து நொந்து சொல்லும் சொல் இது, அந்த வேதனை மதிக்கத்தக்கது. காரணம்தான் வேறு. காற்றாலை இறக்கையின் நுனி எட்டுவது தரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள். மழை தரும் மேகங்களோ ஆயிரக்கணக்கான மீட்டர் உயரம் எழுந்து நிற்பவை. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டிவிடுகிறது. அதனால்தான் மலைமேல் உள்ள ஊத்தும் நாலுமுக்கும் மழையில் ஊறிக் கிடக்க, ராதாபுரம் வறண்டு கிடக்கிறது. ஈரம் இழந்த காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியே சீறி வருகிறது. அந்தச் சீமையின் செம்மணல் தேரிகளே இந்தக் காற்று காலங்காலமாக வாரிக் குவித்தவைதான். தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் வந்தது 1986-இல். வறட்சி அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது.

நம்பிக்கை 4: நெல்லை வெயிலுக்கு சோலார் ஒன்றே போதும்.

உண்மை: சோலார் தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம், வெப்பம் அல்ல. தகட்டின் திறனை அளப்பது 25 டிகிரியில். அதற்கு மேல் தகடு சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சிறிது குறைகிறது. கத்திரி வெயிலில் இது கண்கூடாகத் தெரியும். அதோடு, வீடுகளில் மின்தேவை ஏறுவது பொழுது சாய்ந்த பிறகு. சோலார் நமக்குக் கிடைத்த பெரும் வரம். 2024-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் வீட்டுக்கூரைக்கு 78,000 ரூபாய் வரை மானியமும் உண்டு. ஆனால் பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேர்த்து வைக்க பேட்டரி வேண்டும். இல்லையேல் கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் நடப்பதுபோல், மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலேற்றித் தேவைப்படும்போது இறக்க வேண்டும். 400 மெகாவாட் திறனுள்ள அந்த நிலையம் போல் இன்னும் பல தேவை.

நம்பிக்கை 5: கூடங்குளம் இருக்கும்போது மற்றவை எதற்கு?

உண்மை: அங்கே இப்போது ஓடுவது தலா 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு. அந்த மின்சாரம் முழுவதும் நமக்கல்ல. கேரளம், கர்நாடகம், புதுச்சேரிக்கும் பங்கு உண்டு. எரிபொருள் மாற்றவோ பராமரிப்புக்கோ ஓர் உலையை நிறுத்தினால் 1,000 மெகாவாட் ஒரே நேரத்தில் போய்விடும். ஒன்றையே நம்பியிருப்பதன் ஆபத்து இதுதான். 2012-இல் காற்றுக்காலம் ஓய்ந்ததும் தென்மாவட்டங்களில் மின்வெட்டு எத்தனை மணி நேரம் நீண்டது என்பதை அன்று தறியும் பம்புசெட்டும் ஓட்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பற்றாக்குறைக்கு வெளியிலிருந்து வாங்கவும் அன்று போதிய வழி இல்லை. தென்மாநில மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு ஒரே வலையாக இணைந்தது 2013 டிசம்பர் 31-இல்தான்.

காற்று மே முதல் செப்டம்பர் வரை; வெயில் பகலில்; நீர் பாசனத்துக்குத் திறக்கும்போது; அணுவும் நிலக்கரியும் அடித்தளமாக. ஒன்று ஓயும்போது இன்னொன்று தாங்க வேண்டும். வளரும் நாட்டுக்குப் பன்முக மின் உற்பத்தி ஆடம்பரம் அல்ல, அத்தியாவசியம். இனி யாராவது இந்த ஒன்று போதும் என்று சொன்னால், எந்த மாதத்தில், எந்த மணிக்கு என்று கேளுங்கள். மெகாவாட் கணக்கை மட்டும் பார்த்துத் திட்டம் போடுபவர்களிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள்.