கோரிப்போ: ஊர் இருக்கிறது, ஊராட்சி இல்லை

கேள்வி: விடுமுறைக்கு டிச்சீனோ போனபோது வெர்சாஸ்கா பள்ளத்தாக்கில் கோரிப்போ என்ற கிராமத்தைப் பார்த்தோம். ஒருகாலத்தில் சுவிஸிலேயே மிகச் சிறிய ஊராட்சியாம். இப்போது ஊராட்சியே இல்லையாம். வீடுகளும் தேவாலயமும் அப்படியே நிற்கின்றனவே, பிறகு என்னதான் இல்லாமல் போனது? அந்த ஊர்க்காரர்களின் கடவுச்சீட்டில் இனி எந்த ஊர் இருக்கும்?
– வாசகர், வின்டர்தூர்

பதில்: இல்லாமல் போனது ஆள்தான். சுவிஸில் ஊராட்சியை ஊர்க்காரர்களே நடத்த வேண்டும். உள்ளூர் வரி, குடிநீர், தெரு, ஆரம்பப் பள்ளி எல்லாம் அவர்கள் பொறுப்பு. டிச்சீனோவில் நிர்வாகக் குழுவுக்குக் குறைந்தது மூன்று பேராவது வேண்டும். கோரிப்போவில் கடைசியாக மிஞ்சியிருந்ததே பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் வயதானவர்கள். மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்க எத்தனை பேர் மிஞ்சுவார்கள், சொல்லுங்கள்!

19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே கிட்டத்தட்ட 300 பேர் இருந்தார்கள். செங்குத்தான சரிவு, ஆடு மாடு, செஸ்ட்நட் மரங்கள், கொஞ்சம் சணல் நூற்பு, அவ்வளவுதான் பிழைப்பு. பள்ளத்தாக்கு மக்கள் குளிர்காலத்தில் கீழே மகாடினோ சமவெளியில் இருந்த தங்கள் நிலங்களுக்கு மாட்டோடும் சட்டி பானையோடும் இறங்கிவிடுவார்கள். அதுவும் போதாத வீடுகள், பிள்ளைகளைப் புகைபோக்கி துடைக்க வட இத்தாலிக்கு அனுப்பின. குறுகிய புகைபோக்கிக்குள் சின்ன உடம்புதானே நுழையும்! இன்று படம் எடுத்து மகிழ்கிறோமே, அந்தக் கல்வீடுகளுக்குப் பின்னால் இப்படியொரு வறுமை இருந்தது. பிறகு கலிபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பல் ஏறியவர்கள் பலர். 20ஆம் நூற்றாண்டில் மிச்சமிருந்தவர்களை லொகார்னோ பக்கத்து வேலைகள் இழுத்துக்கொண்டன.

ஏழ்மையில் ஒரு வினோதமும் நடந்தது: புது வீடு கட்ட யாரிடமும் காசு இல்லாததால் பழைய ஊர் கெடாமல் தப்பித்தது. கூரையை நன்றாகக் கவனித்திருந்தால், ஓட்டுக்குப் பதிலாகக் கனத்த கல் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பது தெரிந்திருக்கும். ஜன்னல்கள் சின்னவை, சந்துகள் படிக்கட்டாகவே போகும். ஐரோப்பியக் கட்டடப் பாரம்பரிய ஆண்டான 1975இல் கோரிப்போவை முன்மாதிரி ஊராக எடுத்துக்கொண்டு, பாதுகாக்க ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார்கள். என் கணக்கில் அது சுவரைக் காப்பாற்றியது, சனத்தைக் காப்பாற்றவில்லை. 2022இல் காலி வீடுகள் சிலவற்றை ஹோட்டல் அறைகளாக்கித் திறந்தார்கள். அறைகள் ஊர் முழுக்கச் சிதறியிருக்கும். ஊரின் உணவகம்தான் வரவேற்பறை.

ஊராட்சி முடிந்தது 2020 அக்டோபர் 18 அன்று. பிரியோனே, ஃபிராஸ்கோ, சொனோஞ்ஞோ, வோகோர்னோ ஆகியவற்றோடும், லவெர்தெட்சோ, குஞ்ஞாஸ்கோ-ஜெர்ரா ஊராட்சிகளின் மலைப்பகுதிகளோடும் சேர்ந்து ‘வெர்சாஸ்கா’ என்ற ஒரே ஊராட்சியானது. இது கோரிப்போவுக்கு மட்டும் நேர்ந்ததில்லை: 1990இல் நாடு முழுக்க 3,000க்கும் மேல் இருந்த ஊராட்சிகள் 2025 தொடக்கத்தில் 2,121 ஆகக் குறைந்துவிட்டன.

கடவுச்சீட்டு விஷயம். சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் இருக்காது, பூர்வீக ஊர்தான், அதாவது குடும்பம் குடியுரிமை பெற்ற ஊர்தான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இணைப்புக்குப் பின் புது ஊராட்சியே பூர்வீக ஊராகிவிடும். பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் வைத்துக்கொள்ளச் சில மாநிலங்களில் இடமுண்டு. குடியுரிமை பெற்ற தமிழர்களுக்கும் இதே விதிதான். சின்ன ஊரில் குடியுரிமை எடுத்தவர்கள் இணைப்புச் செய்தி வந்தால் தங்கள் பூர்வீக ஊர் என்னவாகிறது என்று குடிசார் பதிவகத்தில் கேட்டுக்கொள்ளலாம். வின்டர்தூரில் குடியுரிமை எடுத்திருந்தால் உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். அது 1922இல் டோஸ், வெல்ட்ஹைம் உட்பட அக்கம்பக்கத்து ஐந்து ஊராட்சிகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட நகரம்.