மனைவிக்கு ஒரு மனு, மகளுக்கு இன்னொரு மனு

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒருவர் சீனாவில் ஒரு பெண்ணை முறைப்படி மணந்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு முந்தைய திருமணத்தில் பிறந்த 15 வயது மகள் உண்டு. இருவரையும் அமெரிக்காவுக்கு அழைத்து வந்து நிரந்தரமாகக் குடியமர்த்த என்ன செய்ய வேண்டும்? மனைவிக்குப் போடும் மனுவிலேயே மகளையும் சேர்த்துவிடலாமா?

பதில்: சேர்க்க முடியாது. அமெரிக்கக் குடிமகன் மனைவிக்காக ஓர் ஐ-130 மனுவும், மனைவியின் மகளுக்காகத் தனியாக இன்னோர் ஐ-130 மனுவும் தாக்கல் செய்ய வேண்டும். மனைவியின் மனுவில் அவருடைய பிள்ளைகளின் பெயரைக் கேட்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் மகளின் பெயரை எழுதியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறவர்கள் உண்டு. தாய்க்கு நேர்காணல் தேதி வந்த பிறகுதான், மகளின் பேரில் கோப்பே திறக்கப்படவில்லை என்பது அவர்களுக்குத் தெரிய வருகிறது.

குடிமகனின் வாழ்க்கைத் துணையும், 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளையும் அமெரிக்கச் சட்டத்தில் ‘உடனடி உறவினர்’ என்ற வகையில் வருகிறார்கள். இந்த வகைக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. நாட்டு வாரியான காத்திருப்பு வரிசையும் கிடையாது. சீனர்களைப் பொறுத்தவரை இது சிறிய சலுகை அல்ல. 1882-ல் சீனத் தொழிலாளர் வருகைக்குத் தடை போட்ட நாடு, 1943-ல் அந்தத் தடையை நீக்கியபோதும் ஆண்டுக்கு 105 பேர் என்றுதான் ஒதுக்கியது. குடிமக்களின் சீன மனைவியரை ஒதுக்கீட்டுக்கு வெளியே கொண்டுவர 1946-ல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. ஆனால் இன்றைய சலுகையோடு ஒரு குறையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடனடி உறவினரைச் சார்ந்து வேறு யாரும் வர முடியாது. ஆளுக்கொரு மனு என்பதன் காரணம் இதுதான்.

மனைவியின் பிள்ளைக்காக மாற்றாந்தந்தை மனுப்போட ஒரே ஒரு முக்கிய நிபந்தனை இருக்கிறது. திருமணம் நடந்த நாளில் அந்தப் பிள்ளைக்கு 18 வயது நிறைந்திருக்கக் கூடாது. சட்டம் பார்ப்பது திருமணத் தேதியை. மனுப்போட்ட தேதியை அல்ல. பிள்ளையைத் தத்தெடுத்திருக்க வேண்டும், ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்றெல்லாம் சட்டம் கேட்பதில்லை. 15 வயது மகள் இந்தச் சோதனையில் தேறிவிடுகிறார். அடுத்த எல்லை 21 வயது. 2002-ல் வந்த பிள்ளைகள் நிலைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குடிமகன் ஐ-130 தாக்கல் செய்த நாளில் பிள்ளைக்கு என்ன வயதோ அதுவே கடைசிவரை கணக்கில் நிற்கும். அதிகாரிகள் தாமதித்தாலும் வயது ஏறாது. ஆனால் இடையில் பிள்ளை திருமணம் செய்துகொண்டால் இந்த வகையிலிருந்து வெளியே போய், ஆண்டுக்கணக்கில் நீளும் வேறொரு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இந்த 18 வயது விதி கேள்வியில் உள்ள குடும்பத்துக்குத் தொல்லை தராவிட்டாலும் பலரை வீழ்த்தியிருக்கிறது. பிள்ளைக்கு 18 முடிந்து, 21 ஆகாமல் இருக்கும்போது திருமணம் செய்ய நினைப்பவர்கள் முதலில் திருமணத்தைப் பதிவுசெய்துவிட்டால் வழி அடைபடுகிறது. அவர்கள் திருமணத்துக்கு முன்பே, மணமகளுக்கான கே-1 விசாவுக்கு ஐ-129எஃப் மனுப்போட வேண்டும். இருவரும் முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் நேரில் சந்தித்திருக்க வேண்டும். மணமகள் அமெரிக்கா வந்த 90 நாளுக்குள் மனுதாரரையே மணக்க வேண்டும். இந்த விசாவில் 21 வயதுக்குட்பட்ட பிள்ளை கே-2 பெற்றுத் தாயோடு வரலாம். நுழையும்போது 21 ஆகாமல் இருந்தால் போதும் என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2011-ல் லே வழக்கில் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே திருமணம் முடிந்துவிட்டிருந்தால், தாய் கிரீன் கார்டு வாங்கிய பிறகு அவரே தன் பிள்ளைக்கு மனுப்போடுவதுதான் மிஞ்சும் வழி. அதில் காத்திருப்பு உண்டு.

மனுதாரர் குடிமகனாக இல்லாமல் கிரீன் கார்டு மட்டும் வைத்திருந்தால் நிலைமை தலைகீழ். அங்கே வரிசை உண்டு. ஆனால் மனைவிக்குப் போட்ட ஒரே மனுவில் அவருடைய சொந்தப் பிள்ளையும் சார்ந்து வரலாம். வேடிக்கை என்னவென்றால், காத்திருக்கும் காலத்தில் மனுதாரர் குடியுரிமை பெற்றுவிட்டால் மனைவியின் வழக்கு வேகமெடுக்கும். பிள்ளையின் சார்பு உரிமை அன்றே போய்விடும். உடனே பிள்ளைக்குத் தனி மனுப்போட வேண்டும். திருமணத்தின்போது பிள்ளைக்கு 18 கடந்திருந்தால் அந்த மனுவையும் போட முடியாது. குடியுரிமைப் பிரமாணம் எடுக்கும் முன் இதை யோசிக்காமல் இருப்பது பெரிய தவறு.

கட்டணம் 2024 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு ஐ-130 மனுவுக்கும் இணையவழி என்றால் 625 டாலர், காகிதத்தில் என்றால் 675 டாலர் என்று ஆனது. மனு ஏற்கப்பட்டதும் கோப்புகள் தேசிய விசா மையத்துக்குப் போகும். சீனப் பெருநிலத்தில் குடியேற்ற விசா நேர்காணல் எல்லாமே குவாங்சோவிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில்தான் நடக்கிறது. பெய்ஜிங்கிலோ ஷாங்காயிலோ வசிப்பவரும் அங்கேதான் போயாக வேண்டும்.

சீன ஆவணங்களில் கவனம் தேவைப்படுவது நோட்டரிச் சான்றுகளில். அமெரிக்காவில் வங்கிக் கவுண்டரில் முத்திரை குத்தித் தரும் நோட்டரியைப் போன்றதல்ல சீன நோட்டரி அலுவலகம். பிறப்பு, திருமணம், மணமுறிவு, குற்றப் பின்னணி இல்லாமை ஆகியவற்றை அது சரிபார்த்து, ஆங்கில மொழிபெயர்ப்போடு சிறு புத்தகமாகக் கட்டித் தருகிறது. தூதரகம் கேட்பது அந்தப் புத்தகத்தைத்தான். குற்றப் பின்னணிச் சான்று 16 வயது நிறைந்தவர்களுக்கு வேண்டும். நேர்காணல் வருவதற்குள் 15 வயது மகளும் அந்த வயதைத் தொட்டுவிடுவார். நோட்டரி பெரும்பாலும் ஹுகோவ் எனப்படும் குடும்பப் பதிவேட்டைப் பார்த்தே எழுதுவதால், பதிவேட்டில் இருக்கும் பிழை அப்படியே சான்றுக்குள் வந்துவிடும். ஒரு குழந்தைக் கொள்கை அமலில் இருந்த காலத்தில் உறவினர் பெயரில் பதியப்பட்ட குழந்தைகள் உண்டு. தாயின் பெயர் பொருந்தாவிட்டால் டிஎன்ஏ பரிசோதனை வரை போகும். மருத்துவமனை தந்த பிறப்பு மருத்துவச் சான்று கைவசம் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். சீனாவில் அது 1996 முதல் நடைமுறையில் இருக்கிறது.

மகளின் சொந்தத் தந்தையை மறந்துவிடக் கூடாது. மணமுறிவால் பெற்றோர்–பிள்ளை உறவு அற்றுப்போவதில்லை என்று சீனக் குடிமைச் சட்டத் தொகுப்பின் 1084-ஆம் பிரிவு சொல்கிறது. மகள் தாயிடம் வளர்ந்தாலும், அவரை வேறு நாட்டில் குடியமர்த்துவதில் தந்தைக்குப் பேச்சே இல்லை என்று ஆகாது. மணமுறிவு ஒப்பந்தமோ தீர்ப்போ யாரிடம் பிள்ளையை ஒப்படைத்தது என்பதற்கான நகலோடு, தந்தையின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தையும் நோட்டரி அலுவலகத்தில் பதிந்து வாங்கி வைப்பதே பாதுகாப்பு. தந்தை மனம் மாறிய பிறகு அதைத் தேடி அலைவதில் பயனில்லை.

அடுத்து பணம். ஐ-864 என்னும் ஆதரவு உறுதிமொழியில் மனுதாரர் தன் வருமானம் வறுமைக் கோட்டின் 125 விழுக்காட்டுக்குக் குறையாது என்று காட்ட வேண்டும். வேறு யாரையும் காப்பாற்றும் பொறுப்பு இல்லாத மனுதாரருக்கு, மனைவியும் மகளும் சேர்ந்து மூவர் குடும்பம். 2025-ஆம் ஆண்டு அளவின்படி, அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக, ஆண்டுக்குச் சுமார் 33,300 டாலர். குறைந்தால் இன்னொருவர் கூட்டுப் பொறுப்பேற்கலாம். மனுதாரரே சீனாவில் வசித்துவந்தால், அமெரிக்காவுக்குத் திரும்பிக் குடியிருக்கப் போவதற்கான ஆதாரத்தையும் காட்ட வேண்டும். இந்த உறுதிமொழி வெறும் சம்பிரதாயக் கையெழுத்து அல்ல. நீதிமன்றத்தில் செல்லும் ஒப்பந்தம். மனைவி குடியுரிமை பெறும்வரை, அல்லது ஏறத்தாழ பத்தாண்டு உழைப்புக் கணக்கு சேரும்வரை அது உயிரோடிருக்கும். மணமுறிவும் அதை முடிப்பதில்லை.

சீன விண்ணப்பதாரர்களுக்கே உரிய ஒரு கேள்வி, கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரா என்பது. கட்சி உறுப்பினருக்குக் குடியேற்ற விசா மறுக்கப்படலாம். 16 வயதுக்கு முன் மட்டும் உறுப்பினராக இருந்தவர், கட்டாயத்தால் சேர்ந்தவர், வேலையோ வாழ்வாதாரமோ கிடைக்க அது அவசியமாக இருந்தவர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. ஆளும் கட்சியிலிருந்து விலகி ஐந்தாண்டு கடந்தவரும் பொதுவாகத் தப்புகிறார். எதுவும் பொருந்தாவிட்டாலும், குடிமகனின் மனைவி என்ற முறையில் ஐ-601 படிவத்தில் தளர்வு கேட்கலாம். ஆக, உண்மையைச் சொன்னவருக்கு வழி இருக்கிறது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவருக்கு ஏமாற்றுக் குற்றத்துக்கான வாழ்நாள் தடை காத்திருக்கிறது. சுற்றுலா விசாவில் கூட்டிவந்து உள்ளேயே கிரீன் கார்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

விசா கிடைத்த பிறகும் ஒரு நாட்கணக்கு பாக்கி இருக்கிறது. அமெரிக்காவில் நுழையும் நாளில் திருமணத்துக்கு இரண்டு ஆண்டு ஆகவில்லை என்றால், இருவருக்கும் இரண்டாண்டு நிபந்தனைக் கிரீன் கார்டுதான். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் ஐ-751 மனுப்போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். தாயோடு வந்த மகளை அதே மனுவில் சேர்க்கலாம். குடியேற்ற விசா பொதுவாக ஆறு மாதம் செல்லுபடியாகும். இரண்டாம் திருமண நாளுக்குச் சில வாரமே இருந்தால், அது கடந்த பிறகு விமானம் ஏறி, விமான நிலைய அதிகாரியிடம் திருமணத் தேதியைச் சுட்டிக்காட்டினால் நேரே பத்தாண்டு அட்டை கிடைக்கும். ஐ-751 செலவும் அலைச்சலும் மிச்சம்.

குடியுரிமையில் தாயும் மகளும் வேறு வேறு பாதையில் போகிறார்கள். கணவரோடு சேர்ந்து வாழும் மனைவி கிரீன் கார்டு பெற்று மூன்றாண்டில் விண்ணப்பிக்கலாம். மாற்றாந்தந்தை முறைப்படி தத்தெடுக்காதவரை அவருடைய குடியுரிமை மகளுக்குச் சேராது. மகளுக்கு 18 ஆவதற்குள் தாய் குடிமகளானால் மகளும் தானாகவே ஆகிவிடுவார். ஆனால் இப்போதே 15 வயது; மனு முடியும் காலத்தையும் இந்த மூன்றாண்டையும் கூட்டினால் அது நடக்க வாய்ப்பில்லை. மகள் ஐந்தாண்டு முடித்துத் தானே விண்ணப்பிக்க வேண்டும். சீனச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் குடியேறி அந்நாட்டுக் குடியுரிமையைத் தானே விரும்பிப் பெற்றவர் சீனக் குடியுரிமையை இழந்துவிடுகிறார்.