விளக்கொளி முதல் எந்திரப் பாவை வரை

நுழையும்முன்

கதை சொல்ல ஒரு வாயும் கேட்க ஒரு செவியும் போதும். ஆனால் அக்கதை தொலைவிலுள்ளோரையும் பின்வரும் தலைமுறையையும் சென்றடைய ஊடகம் வேண்டும். ஓலை, தோல், தாள், ஒலிப்பதிவு, ஒளிப்படம், இணையம் என ஊடகங்கள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. ஊடகம் மாறும்போது கதைக்கு வந்து சேர்வது எது? விடுபட்டுப் போவது எது? பாலக்காட்டிலும் இடுக்கியிலும் நிகழ்ந்த இரு முயற்சிகளைக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வோம்.

கூத்துமாடத்தில் கம்பர்

பாரதப்புழை பாயும் பகுதிகளிலுள்ள பத்ரகாளி கோவில்களில் கூத்துமாடம் என்னும் நீண்ட அரங்கு ஒன்று உண்டு. அதன் முகப்பில் வெண்திரை கட்டப்பெறும். திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்குகளை வரிசையாக ஏற்றுவர். தோலில் வெட்டிய பாவைகளின் நிழல் அவ்வொளியில் திரைமீது விழும். இதுவே தோல்பாவைக் கூத்து.

கேரள மண்ணில் நிகழும் இக்கூத்தில் பாடப்பெறுவன கம்பராமாயணச் செய்யுட்கள். அவற்றுக்குத் தமிழும் மலையாளமும் கலந்த நடையில் விளக்கம் கூறுவர். பாவையை ஆட்டி, செய்யுளைப் பாடி, பொருளும் உரைக்கும் கலைஞர் 'புலவர்' எனப்படுகிறார். ஒரு புலவர் ஐயம் எழுப்ப, மற்றொருவர் விடை கூறுவார். அவ்விடையிலிருந்து ஒரு கிளைக்கதை பிறக்கும். இவ்வாறு கூத்து பல இரவுகள் நீளும்.

இக்கூத்தின் தோற்றம் பற்றிய நம்பிக்கை ஒன்று உண்டு. இராமனும் இராவணனும் போரிட்ட காலத்தில் பத்ரகாளி தாரிகன் என்னும் அசுரனோடு போர் புரிந்துகொண்டிருந்தாள். அதனால் இராமாயணப் போரை அவளால் காண இயலவில்லை. அக்குறையைத் தீர்க்கவே அவள் திருமுன்னர்க் கூத்து நிகழ்த்தப்படுகிறது என்பர். எனவே, நள்ளிரவில் மக்கள் அனைவரும் எழுந்து சென்றுவிட்டாலும் கூத்து நிற்பதில்லை. காளி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்னும் நம்பிக்கையோடு புலவர் பாடிக்கொண்டே இருப்பார்.

எந்திரம் ஆட்டும் பாவை

தெய்வம் கேட்டாலும், கலை தொடர்ந்து வாழ மனிதரும் கேட்க வேண்டும். இரவு முழுவதும் விழித்திருந்து கூத்துக் காணும் வழக்கம் குறைந்து வருகிறது. ஷொர்ணூரை அடுத்த கூனத்தறையில் வாழும் இராமச்சந்திரப் புலவர், தந்தையார் கிருஷ்ணன்குட்டிப் புலவரின் வழியில் இக்கலையைப் பேணி வருபவர். 2021ஆம் ஆண்டில் பத்மசிறீ விருதுக்குத் தேர்வானவர். காந்தியடிகளின் வாழ்க்கை போன்ற புதிய கதைகளையும் இவர் பாவைகளைக் கொண்டு நிகழ்த்தியுள்ளார்.

அதே 2021ஆம் ஆண்டில் இவர் குடும்பத்தினர், திருச்சூரைச் சேர்ந்த ரோபோ நிறுவனம் ஒன்றுடன் இணைந்து எந்திரப் பாவைகளை உருவாக்கினர். கணினிக் கட்டளைக்கு ஏற்ப மின்விசைப் பொறிகள் பாவையின் கைகால்களை அசைக்கின்றன. முன்பே பதிவு செய்த குரலும் இசையும் உடன் ஒலிக்கின்றன. இளையோருக்கு இக்கலையை அறிமுகப்படுத்துவதே இம்முயற்சியின் நோக்கம்.

எந்திரம் களைப்பதில்லை, பகலிலும் ஆடும், எத்தனை முறை கேட்டாலும் அதே பாடலைப் பிழையின்றி ஒலிக்கும். ஆனால் 'இச்சொல்லுக்குப் பொருள் என்ன?' என்று முன்னிருக்கும் சிறுவன் வினவினால், பதிவு செய்த குரல் நின்று விடை கூறாது. புதிய கிளைக்கதையும் அங்குப் பிறவாது. எந்திரப் பாவை கூத்துமாடத்திற்கு வழிகாட்டலாம். கூத்துமாடமாகவே ஆகிவிட முடியாது.

காட்டு நூலகம் உலகறிந்த கதை

இடுக்கி மாவட்டத்தின் இடமலக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடிக் கிராம ஊராட்சி. 2010ஆம் ஆண்டில் அமைந்த இவ்வூராட்சியில் முதுவர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று இவர்கள் கூறுவர். இங்குக் காட்டின் நடுவே, மண்சுவர்த் தேநீர்க் கடை ஒன்றில் முதியவர் ஒருவர் நூலகம் நடத்தினார். ஏறத்தாழ 160 நூல்கள் அங்கு இருந்தன. சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் அவற்றுள் ஒன்று. யார், எந்நூலை, எந்நாளில் பெற்றார் என்பதை அவர் பதிவேட்டில் முறையாக எழுதிவந்தார்.

இதழாளர் பி. சாய்நாத் அவ்விடத்திற்கு மலைவழியே நடந்து சென்று, அம்முதியவரோடு உரையாடி, கட்டுரையும் ஒளிப்படங்களுமாக அதனைப் பதிவு செய்தார். 2014 டிசம்பரில் தொடங்கப்பெற்ற 'பாரி' என்னும் ஊரக இந்தியாவின் மக்கள் காப்பகத்தின் வழியே அக்கதை இணையத்தில் வெளியாயிற்று. ஒரு மலைக்குடியிருப்பு மட்டுமே அறிந்திருந்த நூலகத்தைத் தொலைநாட்டவரும் அறிந்தனர். எழுத்து முதியவரின் உழைப்பை விளக்கியது. ஒளிப்படம் அவர் முகத்தையும் கடையையும் காட்டியது. இணையம் இரண்டையும் எடுத்துச் சென்றது. எனினும், அவ்விடத்திற்கு நடந்து சென்று பொறுமையோடு செவிமடுத்தவர் ஒரு மனிதரே. அப்பணியை எந்தக் கருவியும் அவருக்காகச் செய்யவில்லை.

கதைக்கு ஏற்ற ஊடகம்

பாட்டியின் குரல் நடுக்கத்தை எழுத்து காட்டாது. அதற்கு ஒலிப்பதிவு வேண்டும். தேயிலை கிள்ளும் விரல்களின் விரைவை ஒலி காட்டாது. அதற்கு நிகழ்படம் வேண்டும். ஒருவர் மனத்துள் நினைத்ததை நிகழ்படம் எளிதில் காட்டாது. அதற்கு எழுத்தே சிறந்தது. ஆகவே, கையிலிருக்கும் கருவிக்காகக் கதையைத் தேடாமல், கதைக்கு ஏற்ற கருவியைத் தேர்வதே நல்ல கதைசொல்லியின் திறம். விளக்காயினும் கணினியாயினும், கேட்பவரை மறவாத கதையே நிலைத்து வாழும்.

சொல்லும் பொருளும்

ஐயம் – சந்தேகம்
திருமுன்னர் – தெய்வத்தின் முன்னிலையில்
நிகழ்படம் – வீடியோ
செவிமடுத்தல் – கவனித்துக் கேட்டல்

பயிற்சி

1. மக்கள் கலைந்த பின்னும் கூத்து நிற்காமைக்குக் காரணம் யாது?
2. எந்திரப் பாவையின் நன்மை ஒன்றும் குறை ஒன்றும் எழுதுக.
3. பிரித்து எழுதுக: விளக்கொளி, வெண்திரை, கிளைக்கதை.
4. செயல்பாடு: வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் அவர் இளமையில் கேட்ட கதையைச் சொல்லச் செய்து, அவர் இசைவு பெற்றுக் கைப்பேசியில் பதிவு செய்க. பின்னர் அதனை ஒரு பக்க அளவில் எழுதுக. பதிவில் இருந்து எழுத்தில் விடுபட்டவை எவை என வகுப்பில் கூறுக.