கத்தரி விதையைக் கைவிட்டுடாதீங்க!

“வைத்தியரய்யா, மருந்து முடியுற வரைக்கும் கத்தரிக்காயே தொடக்கூடாதா?”

போடியில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. சொறி, சிரங்கு, கரப்பான் உள்ளவர்களுக்கு முற்றின கத்தரிக்காய் ஆகாது என்பது சித்த மருத்துவ விதி. ஆனால் விதை பிடிக்காத பிஞ்சு, பத்தியச் சாப்பாட்டிலேயே உண்டு!

இதைச் சொன்னதும் குரங்கணிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் அலுத்துக்கொண்டார். “பிஞ்சுக்கு எங்கய்யா போவேன்? எங்காத்தா வச்சிருந்த வரிக்கத்தரி விதை போயே போச்சு. சந்தையில கிடைக்கிறதெல்லாம் முத்தலும் மருந்தடிச்சதும்தான்.”

அவர் தொலைத்தது லேசுப்பட்ட பொருள் அல்ல. நம் தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 கத்தரியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘புழுதிக் கத்தரி’ என்ற நாட்டு ரகத்தில் மரபு மாற்றத்தைத் தூண்டிப் பொறுக்கி எடுத்தது அது. பச்சை வரி ஓடிய சின்னக் காய். வறட்சி தாங்கும், தூரத்துக்கு அனுப்பலாம். பி.கே.எம்.1 தக்காளிக்கும் மூலம் ‘அன்னஞ்சி’ என்ற உள்ளூர் ரகம்தான். யாரோ ஒரு சம்சாரி விதையைக் காப்பாற்றி வைத்திராவிட்டால் ஆராய்ச்சியாளர் எதை வைத்து ஆரம்பிப்பார்?

மலையடிவாரத்தில் தானாக முளைக்கும் சுண்டையும் அப்படித்தான். கழிச்சலுக்கு நாங்கள் சுண்டைவற்றல் சூரணம் கொடுக்கிறோம். விவசாயத்திலோ, வாடல் நோயையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் சமாளிக்கச் சுண்டை வேர்ச்செடியில் கத்தரியை ஒட்டுக் கட்டுகிறார்கள்.

நாட்டுக்காய் என்றாலே சத்து இரட்டிப்பு என்று நான் சொல்லமாட்டேன். கத்தரியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். ஊதாத் தோலில் ஆந்தோசயனின் என்ற நல்ல நிறச்சத்து இருக்கிறது. தோலைச் சீவி எறியாதீர்கள். எண்ணெயில் முக்கி எடுத்தால் கத்தரி அத்தனையையும் குடித்துவிடும், ஜாக்கிரதை!

விதை எடுப்பது சுலபம். நோயில்லாத நாலைந்து செடிகளில் தலா ஒரு காயை மஞ்சளாகப் பழுக்க விடுங்கள். பிசைந்து அலசி, அடியில் தங்கும் விதையை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து வையுங்கள். வீரிய ஒட்டு ரகத்தில் எடுக்காதீர்கள். அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது.

அந்த அம்மாவுக்கு என் கொல்லையிலிருந்து ஒரு பொட்டலம் வரிக்கத்தரி விதை கொடுத்தேன். முதல் பறிப்பில் எனக்கும் பங்கு வந்தது. மூணு காயைச் செடியிலேயே விட்டிருக்கிறாராம்.